விளக்கு வைத்த பிறகு ஒரு படிகம்

நாகமணி வேதியியலில் பட்டம் வாங்கியவள்தான். அதற்காக மலேசிய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கற்ற பழக்கத்தை விட்டுவிடுவாளா? விளக்கு வைத்த பிறகு உப்போ தயிரோ, வெள்ளையாக எதுவும் வாசல் தாண்டக் கூடாது. அந்தச் சட்டத்தை அவள் கோலா சிலாங்கூர் ஆற்றோரத்து ஆய்வுக்கூடத்துக்கும் கூடவே கொண்டுவந்துவிட்டாள்.

மீன்பிடிப் படகுகளின் அடியில் சிப்பி ஒட்டாமல் தடுக்கப் பூச ஒரு சாயம் வேண்டும். அதற்காக அங்கே கன உலோகங்களைக் கரிமப் பொருளோடு கோத்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்து நான்காம் ஆண்டு அது. நாகமணிக்குக் காரீயம், பக்கத்து மேசை மரியத்துக்கு வெள்ளீயம். இரண்டுக்கும் ஒரே வெள்ளைப் பொடிதான் துணை. அதைத் தயாரிப்பது நாகமணியின் வேலை.

மரியம் சாப்பாட்டுக் கடைக்காரர் மகள், வாய்க்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் கேட்டாள்: "நாகா, பொடி கொஞ்சம் குடேன். எனக்குத் தீந்து போச்சு லா."

நாகமணி தலைக்கு மேல் எரிந்த டியூப் லைட்டைப் பார்த்தாள். "விளக்கு வெச்சாச்சுடி. காலையில வாங்கிக்க."

மரியம் சிரித்த சிரிப்பில் காவலாளி சன்னாசி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து யார் சுவிட்சைத் தட்டினாலும், "நாகாகிட்ட எதுவும் கேக்காதீங்க!" என்று மரியம் குரல் கொடுப்பாள்.

மரியத்தின் வெள்ளீயம் கற்கண்டாகப் படிகம் கட்டியது. நாகமணியின் காரீயமோ எத்தனை முறை கரைத்து ஆற வைத்தாலும் பாகாகவே அடியில் படுத்துக்கொண்டது. உலோகத்தைச் சுற்றி ஐந்து பிணைப்பு என்று அவள் சாதித்தாள். தலைவர் டாக்டர் நடராஜா நான்குதான் என்றார். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும், ஆனால் அதற்குப் படிகம் வேண்டும். "நாளைக்குக் காலையில எக்ஸ்ரேக்கு வேன் கோலாலம்பூர் போகுது. படிகம் இல்லன்னா காரீயத்த மூட்டை கட்டிடுவோம்," என்று சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு.

ஒரு வழிதான் மிச்சம். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, அதே வார்ப்பில் உள்ள இன்னொரு படிகத்தில் ஒரு பொட்டு போட்டால் பாகு அதைப் பார்த்துப் படியலாம். அது மரியத்திடம்தான் இருந்தது. இந்த யோசனை வந்தபோது வெளியே மங்கிவிட்டது, டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, மரியம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மரியம்... உன் படிகத்துல ஒரு பொட்டு..."

மரியம் நிதானமாக லைட்டைப் பார்த்தாள். "விளக்கு வெச்சாச்சே நாகா. இதுவும் வெள்ளதானே?"

நாகமணி வெட்கத்தில் குறுகிப் போனாள். கண் கலங்கியே விட்டது.

"ஐயே, அழுவாத லா! எங்க வீட்டுல அந்தச் சட்டம் கிடையாது," என்று மரியம் குப்பியையே நீட்டினாள்.

காலையில் பாகு இருந்த இடமெல்லாம் ஊசி ஊசியாகப் படிகம். வேன் அதைக் கொண்டுபோனது. சில வாரம் கழித்துப் படம் வந்தது: நடுவில் காரீயம், சுற்றிலும் ஐந்து பிணைப்பு. டாக்டர் நடராஜா மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று பொழுது சாய்ந்ததும் மரியம் வந்தாள். "பொடி தீந்து போச்சு லா. காலையிலயே வரட்டுமா?"

நாகமணி எழுந்து போய்ச் சுவிட்சைத் தட்டினாள். அறை இருண்டது. மரியத்தின் கையில் ஒரு பாட்டில் வந்து உட்கார்ந்தது.

"ஏய், முழுசாவா?"

"இருட்டுல அளக்க முடியாதுடி."