அடுத்த கட்டடத்துக்கு ஆள்

எவெலியோ எப்படிப்பட்ட மனிதர் என்று ஹவானாவை ஒட்டிய எங்கள் அலமார் பகுதியில் யாரிடம் கேட்டாலும் நல்லவர் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், கொஞ்சம் யோசித்துவிட்டு.

பிஸ்கட் தொழிற்சாலையில் அவர் பொட்டலம் கட்டும் பிரிவில் மேஸ்திரி. நான் அடுப்புப் பக்கம். ஹவானாவில் வீடு கிடைக்காத காலம் அது. வீடு வேண்டுமென்றால் தொழிற்சாலை தன் ஆட்களில் சிலரை அனுப்பி, தானே கட்டிக்கொள்ள வேண்டும். போகிறவர்களின் வேலையை இருக்கிறவர்கள் சேர்த்துச் செய்வார்கள். கட்டி முடித்ததும் பொதுக்கூட்டம் கூடி, யாருக்குத் தேவை, யார் நன்றாக உழைத்தார் என்று பேசி, கை தூக்கி வீடுகளைப் பிரித்துக் கொடுக்கும். வீடு கிடைத்தவர் பழைய வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். இது எங்கள் தொழிற்சாலையின் வழக்கம்.

எவெலியோவின் தேவை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாமியார் வீட்டில் ஒரே அறை. அதற்குள் பலகை அடித்துப் பரண் போட்டு, மனைவி சோய்லாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் அங்கே படுத்து எழுந்தார். நிமிர்ந்தால் தலை இடிக்கும். கீழேயிருந்து மாமியார் இருமினால் மேலே பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். அதனால்தான் கட்டடக் குழுவுக்குத் தலைவர் வேண்டும் என்றதும் முதல் ஆளாக எழுந்து நின்றார். செங்கல்லுக்கும் அவருக்கும் அதுவரை ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நானும் அந்தக் குழுவில் சேர்ந்தேன்.

ஆரம்பத்தில் அவரைப் போல மோசமான தலைவர் யாரும் இருந்திருக்க முடியாது. எல்லாவற்றையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்கும் லாரிக்குமாக ஓடுவார். கத்துவார். கம்பி கட்டுகிறவனைப் பிடித்து மணல் அள்ளச் சொல்வார், மணல் அள்ளப் போனவனை ஏன் கம்பியை விட்டாய் என்று கேட்பார். நான்கு பேர் வியர்வையில் குளிக்க, பத்துப் பேர் நிழலில் பேஸ்பால் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த ஜூலையில்தான் அவமானம் வந்தது. பக்கத்து மனையில் பேருந்துப் பணிமனைக்காரர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூலை இருபத்தாறு புரட்சி நாள் விழாவுக்குள் தரைத்தளச் சுவரை யார் முதலில் முடிப்பது என்று போட்டி. நாங்கள்தான் ஜெயித்தோம். கொடி கட்டி, ரம் குடித்து, ஆடித் தீர்த்தோம். விழா முடிந்து வேலைக்கு வந்தால் கலவை மெஷினைக் காணவில்லை. மழைக்குப் பயந்து உள் அறையில் நிறுத்தியிருந்ததை மறந்து, அவசரத்தில் நான்கு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டோம். வாசல் வழியாக அதன் சக்கரம்கூட வராது.

பணிமனைக்காரர்கள் சாரத்தின் மேல் ஏறி நின்று கத்தினார்கள். "என்னப்பா, மிஷினுக்கே வீடு ஒதுக்கிட்டீங்களா? கூட்டத்துல கை தூக்கினது யாரு?"

"அதுக்கும் குடும்பம் இருக்குதுடா, விடு!" என்றான் அவர்களில் இன்னொருவன்.

சுவரை இடித்தோம். எவெலியோவும் சம்மட்டி எடுத்து எங்களோடு நின்று இடித்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் தலைவரானார். தினமும் காலையில் காப்பியோடு எங்களை வட்டமாக உட்கார வைத்தார். பட்டாணி கலந்த ரேஷன் காப்பி, ஆளுக்கு ஒரு மடக்குதான். "இன்னிக்கு நம்ம வேலைய எது நிறுத்தும்?" என்று கேட்பார். ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும், தெரியாது என்று சொல்லக்கூடாது. அவர் கடைசியில்தான் வாயைத் திறப்பார். அப்படித்தான் தெரிந்தது, சிமெண்ட் மூட்டைகளின் அடிவரிசை ஈரம் குடித்திருப்பது மூன்று பேருக்கு முன்பே தெரியும், கேட்பார் இல்லாததால் சொல்லவில்லை என்பது.

காகிதத்தில் போட்ட திட்டத்தை நம்புவதையும் நிறுத்தினார். லாரி எப்போது வரும் என்பது லாரிக்கே தெரியாத ஊர் இது. எது வந்தாலும் அதை வைத்துச் செய்ய ஒரு வேலை தயாராக இருக்க வேண்டும் என்றார். சாயங்காலம் சும்மா நடப்பதுபோல அக்கம்பக்கத்து மனைகளைச் சுற்றி வருவார். எவனிடம் கம்பி மிஞ்சியிருக்கிறது, எவன் மணலுக்குத் தவிக்கிறான் என்று கண் பார்த்துக்கொண்டே வரும். பாராட்டினால் எல்லோர் முன்னாலும் பாராட்டுவார். திட்ட வேண்டியவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவார். போனவன் சிறுத்த முகத்தோடு வருவான், ஆனால் மறுநாள் வேலை ஒழுங்காக நடக்கும்.

ஐந்து மாடியும் எழுந்தது. பணிமனைக்காரர்கள் அப்போது மூன்றாவதில் இருந்தார்கள்.

கூட்டத்தன்று சோய்லா வெளியே கேட்டருகில் காத்திருந்தாள். எவெலியோவின் பெயர் வந்ததும் யூனியன் செயலாளர் கலிக்ஸ்டோ தொண்டையைச் செருமினார்.

"தோழர்களே, வீடு குடுத்தா எவெலியோ நாளைக்கே பொட்டலம் கட்டப் போயிடுவாரு. ரெண்டாவது கட்டடத்த யாரு கட்டுறது? எனக்கு ஒரு பேர் சொல்லுங்க, நான் உக்காந்துடறேன்."

பெயருக்குப் பதிலாகப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அவரு இல்லன்னா மறுபடியும் மிஷினுக்குத்தான் வீடு!" என்றது. சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் முடிவு ஆகிவிட்டது. 'அடுத்ததில் முதல் வீடு அவருக்கு' என்று கை தூக்கி, ஒரு பாராட்டுப் பத்திரத்தையும் கொடுத்து, எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வெளியே சோய்லா பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கைதட்டினாங்களாமே. அந்தக் கைதட்டலுக்குக் கூரை உண்டா? அடுத்த தடவை சாவி இல்லாம வந்தீங்கன்னா, பரணுக்கு ஏணி இருக்காது. நான் எடுத்து வச்சிடுவேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்."

அவர் சிரிக்கவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இரண்டாவது கட்டடத்தில் அவர் வேறு மாதிரி ஆனார். ஒரு மாதம் கழித்து, "காலைல இனிமே நீ கேளு, நெரெய்தா" என்று என்னிடம் சொன்னார். நானும் வீட்டுக்காகத்தான் வந்தவள். அண்ணன் வீட்டில் ஒரு திரைக்குப் பின்னால் நானும் என் மகளும் படுத்துக்கொண்டிருந்தோம். நம்மை மதித்துச் சொல்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் திணறினேன். பூச்சு வேலை செய்யும் டெல்மோ நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "பிஸ்கட் சுடுறவ சொல்லி நான் சுவர் பூசணுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். எவெலியோ காதில் விழாததுபோல மணல் சலித்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா நீங்க?"

"நான் கேட்டா அது என் குழு. நீ தீர்த்தா உன் குழு. எது வேணும் உனக்கு?"

தீர்த்தேன். டெல்மோவைத் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்த் திட்டவில்லை. இந்த ஈரச் சுவர் எப்போது காயும் என்று யோசனை கேட்டேன். அவன் அரை மணி நேரம் பேசினான். பிறகு எனக்கு அவனைவிட நல்ல ஆள் இல்லை. எவெலியோ இதற்கெல்லாம் பாராட்டு எதுவும் சொல்லவில்லை, அடுத்த கஷ்டத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். லாரிக்காரர்களிடம் என்னைப் பேச வைத்தார். நான்காவது மாடி போடும்போது வேண்டுமென்றே தூண்டிலை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பாறைப் பக்கம் மீன் பிடிக்கப் போய்விடுவார்.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட நாளிலும் அவர் வரவில்லை. பாதி போட்டிருக்கும்போது கடல் பக்கம் வானம் கறுத்தது. நிறுத்துவதா தொடர்வதா என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தொடரச் சொன்னேன். பணிமனைக்காரர்களிடம் தார்ப்பாய் கேட்டு ஆள் அனுப்பினேன். தார்ப்பாயோடு அவர்களில் எட்டுப் பேர் உதவிக்கும் வந்தார்கள். மழை விழும்போது தளம் மூடியிருந்தது. மறுநாள் எவெலியோ மேலே ஏறி, குனிந்து தடவிப் பார்த்தார். "இந்தக் கட்டடத்துக்கு நான் தேவையே இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அன்று மகளிடம் எந்த ஜன்னல் நம்முடையது என்று பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கூட்டம். முதல் வீடு எவெலியோவுக்கு என்று கலிக்ஸ்டோ ஆரம்பித்தார். "சரி, மூணாவதுக்கு யாரு?" என்று ஒருவர் எழுந்தார். ஆளாளுக்குப் பேசினார்கள். எவெலியோ கடைசியில் எழுந்தார்.

"நெரெய்தா இருக்காங்க. என்னைவிட நல்லா செய்வாங்க. தளம் போட்டது யாருன்னு டெல்மோவக் கேளுங்க."

டெல்மோ எழுந்து நின்று கைதட்டினான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்தக் கைதட்டலை எனக்கு முன்பே தெரியும். கலிக்ஸ்டோ புன்னகையோடு, "தோழர் நெரெய்தாவுக்கு அடுத்ததுல முதல் வீடு. கை தூக்குங்க" என்றார்.

பின்கட்டில் எவெலியோவைப் பிடித்தேன்.

"தெரிஞ்சேதான சொல்லிக் குடுத்த?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"என் பொண்ணு திரைக்குப் பின்னாடி படுத்திருக்கா. உனக்குத் தெரியும். வேற யாருமே கிடைக்கலயா உனக்கு?"

"ரெண்டு பேர முயற்சி பண்ணேன். அவங்களுக்கு வரல. உனக்கு வந்துச்சு." அவர் என் கண்ணைத் தவிர்க்கவில்லை. "மன்னிச்சுக்கோன்னு கேக்க மாட்டேன். சோய்லா ஏணிய எடுத்துடுவா, நெரெய்தா. நிஜமாவே எடுத்துடுவா."

கேட்டருகில் சோய்லா சாவியைப் பார்த்து அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றே நினைக்கிறேன், அழுகையை நிறுத்தி முந்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பல நாள் எவெலியோ எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போனேன். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் இன்றுவரை பொறுக்க முடியாதது.

திங்கட்கிழமை மூன்றாவது மனைக்குப் போனேன். தொழிற்சாலையிலிருந்து புது ஆட்கள் வந்திருந்தார்கள். மணல் லாரி வந்ததும் ரோட்டோரம் கொட்டச் சொன்னேன். இடால்மிஸ் என்ற ஒருத்தி மட்டும், "அங்க வேண்டாம்க்கா, கிரேன் திரும்ப அந்த இடம் வேணும்" என்றாள். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். அம்மாவும் தங்கைகளுமாக ஆறு பேர் ஒரே அறையில் இருப்பதாகச் சொன்னாள், வீட்டுக்காகத்தான் வந்தேன் என்றாள்.

"நாளைலேர்ந்து என் பக்கத்துல உக்காரு, கண்ணு" என்றேன்.