எந்த மதகில் போய் நிற்பது

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கடைமடையில் இருக்கிறது அக்காவின் வயல். அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டே வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. சொந்தமாக நிலம் வாங்கிய முதல் ஆள் அக்காதான். அந்த வருடம் அவளுடைய சம்பா பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீருக்குத் தவித்தது. முறை வந்தும் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை.

முறை யாருக்கோ அவர் மதகில் போய் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் மேலே இருப்பவர்கள் வைக்கோலும் சேறும் வைத்து அடைத்து, தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. நிற்காதவரைத்தான் ஏமாளி என்பார்கள். அக்காவுக்கு மேலே தலைமதகு, நடுமதகு என்று இரண்டு மதகுகள், ஒன்றுக்கொன்று வெகுதூரம். அத்தான் சிங்கப்பூரில் இருந்தார்.

நானோ சென்னையில் உட்கார்ந்து இதே வாய்க்கால்களைக் கணினியில் கோர்த்துக்கொண்டிருந்தேன். மதகும் வயலும் புள்ளிகள், தண்ணீர் போகும் வழி கோடு. அடைத்தால் கோடு அறும், திறந்தால் சேரும். ஊர்க்காரர்கள் போனில் பதிவதை நேரத்தோடு சேமித்துவைப்போம். போன வாரம் இந்நேரம் எந்த வழி திறந்திருந்தது என்றுகூடக் கேட்கலாம். ஒரே இயந்திரம் தாங்காது என்று தரவைப் பல ஊர்களில் பிரித்து வைத்து, நகல்களும் எடுத்திருந்தோம். ஒரு நகலில் நடந்த மாற்றம் மற்றவற்றுக்குப் போய்ச்சேரத் தாமதமாகும், ஆனால் கடைசியில் எல்லாம் ஒத்துப்போய்விடும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பெருமையடித்துக்கொள்வோம். அந்தக் கடைசி எப்போது வரும் என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

அக்கா கேட்டாள். "எங்கடா அடைச்சிருக்காங்க? எந்த மதகுல போயி நிக்கட்டும்?"

கணினியைக் கேட்டேன். தலைமதகில் அடைப்பு என்றது. மறுபடி கேட்டதற்கு, தலைமதகு திறந்திருக்கிறது, நடுமதகில்தான் அடைப்பு என்றது. இன்னொரு தடவை கேட்டால், எல்லாமே திறந்து தண்ணீர் வயலில் பாய்கிறதாம். ஒரு நகல் நேற்றிலேயே நின்றுகொண்டிருந்தது, ஒன்று காலையில். நேற்றைய பாதியையும் இன்றைய பாதியையும் ஒட்டி, எந்த நேரத்திலும் இல்லாத ஒரு வாய்க்காலைக் கணினி எனக்குக் காட்டியது. எது இப்போதைய நிலவரம் என்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லை. கூட வேலை செய்பவரிடம் ஓடினேன். நகல்களுக்கிடையே இணைப்பு அறுந்திருக்கிறது, காத்திருக்கத்தான் வேண்டும் என்றார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

"தெரியலைக்கா" என்றேன்.

அவள் தலைமதகுக்கு வண்டியை விட்டாள். அது திறந்துதான் இருந்தது. அங்கிருந்து நடுமதகுக்கு வந்துசேர்வதற்குள் அவள் முறை முடிந்து, பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். சாயங்காலம் எல்லா நகல்களும் ஒத்துப்போயின. நடுமதகு காலையிலிருந்தே அடைப்பு. எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில், பிசகாமல் வந்தது.

அடுத்த முறை வருவதற்குள் கதிரெல்லாம் பதராகிவிட்டது. அக்கா போன் செய்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"வயல்ல மாட்ட அவுத்து விட்டுட்டேன்டா. நம்ம வயலுக்கு வர்ற கோட்டை உன் கம்ப்யூட்டர்ல அழிச்சுடு. இந்த வருசம் தண்ணி வேணாம்."

அழித்தேன். பிறகு ஒவ்வொரு நகலாகக் கேட்டுப் பார்த்தேன். அந்த ஒரு மாற்றம் மட்டும் எல்லா இடத்துக்கும் உடனே போய்ச்சேர்ந்திருந்தது.