நாலு பேர் அறை

இது நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்; கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க எனக்கு ஆசையில்லை. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. சாட்சி வேண்டுமென்றால் சிவகாசியில் ஜாபர் சாதிக் இருக்கிறார், போய்க் கேளுங்கள். ஆனால் அவர் பேச மாட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எழுதுகிறவர்கள் எங்கள் ஊர் வெயிலைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் ஆகாத நேரம் உச்சிப்பொழுதுதான். கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். தெருவில் ஈ காக்கை இருக்காது. எனக்கு எல்லாம் அந்த நேரத்தில்தான் நடந்தது.

2004, மார்ச் மாதம். என் பெயர் ஊர்க்காவலன். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் ஆபீஸ் வேலை. முதலாளிக்கு டவுனில் அச்சகம், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. மே மாதம் ஜெர்மனியில், டூசல்டார்ஃப் நகரத்தில் அச்சு இயந்திரக் கண்காட்சி. முதலாளி, அவருடைய மருமகன் சங்கரலிங்கம், மெஷின்மேன் முனியராஜ், இங்கிலீஷ் பேசத் தெரிந்த பாவத்துக்கு நான். ஆக மொத்தம் நாலு பேர்.

எங்கள் முதலாளி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்.

"ஏலே ஊர்க்காவலா, ரூம்பு தூங்கத்தானலே? நாலு பேருக்கும் ஒன்னு போதும். கக்கூசு வெளிய இருந்தாலும் பரவாயில்ல" என்றார்.

கண்காட்சி சமயத்தில் அந்த ஊரில் அறை தேடுவது தீபாவளிக்கு முதல் நாள் மதுரை பஸ்ஸில் சீட் தேடுவது மாதிரி. ஜாபர் சாதிக்கின் கடையில்தான் இன்டர்நெட், ஃபேக்ஸ், வெளிநாட்டுக்குப் பேசும் போன் எல்லாம். இரண்டு நாள் அங்கேயே கிடந்து ஒரு மலிவு விடுதியைப் பிடித்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரே அறையில் மேலும் கீழுமாக நாலு கட்டில்கள். குளியலறை நடையின் கோடியில். முதலாளிக்காகவே கட்டி வைத்தது போல இருந்தது.

விடுதிக்காரர்களிடமிருந்து நாலு பேர் பெயரும் போட்ட உறுதிக் கடிதம் ஃபேக்ஸில் வர வேண்டும். மார்ச் 15 திங்கட்கிழமை சென்னையில் விசா நேர்காணல். அந்தத் தாள் இல்லையென்றால் யாருக்கும் விசா இல்லை. எனக்கு வேலையும் இல்லை என்று முதலாளி வாய்விட்டே சொல்லியிருந்தார்.

மார்ச் 9, செவ்வாய். பகல் 11.55. நாலு பெயர்களையும் டைப் அடித்து ஃபேக்ஸ் அனுப்பினேன். 12.40-க்குப் பதில் வந்தது.

'நபர்கள்: 5. மன்னிக்கவும். இந்த அறையில் நான்கு பேருக்கு மேல் தங்க அனுமதி இல்லை.'

முதலில் சிரித்தேன். ஜெர்மன்காரனுக்கும் எண்ணத் தெரியாதா என்று. பிறகு அந்த இரண்டாவது வரி என்னவோ செய்தது. அதே கணக்கை நான் மூன்று வருடம் தினமும் சுவரில் பார்த்திருக்கிறேன்.

அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சொல்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

அச்சகத்துக்கு வருவதற்கு முன்னால் நான் முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் பேர் நோட்டு எழுதினேன். எந்த அறையில் யார் வேலை பார்க்கிறார்கள் என்று தினமும் காலையில் எழுதுவது. வெடிமருந்து செலுத்தும் அறை ஒவ்வொன்றின் வெளிச்சுவரிலும் பெயின்டில் எழுதியிருக்கும்: 'ஆட்கள் 4'. சட்டம் அது. சீசன் வந்தால் ஐந்து பேரை விடுவோம், ஆறு பேரை விடுவோம். நோட்டில் மட்டும் நாலு. அதிகாரிகளின் ஜீப் வருகிறது என்று மெயின் ரோட்டிலிருந்து தகவல் வந்ததும் கூடுதல் ஆட்கள் பின்வாசல் வழியாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். யார் நாலு, யார் கூடுதல் என்று முடிவு செய்வது நான். அதில் எனக்குப் பெருமை வேறு.

2003 அக்டோபர் 7, செவ்வாய். தீபாவளிக்குப் பதினேழு நாள். ஒன்பதாம் நம்பர் அறை. பகல் 11.50-க்கு வெடித்தது.

உள்ளே ஐந்து பேர். ஐந்தாவது ஆள் பொன்மணி. பத்தொன்பது வயது. வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று காலையில் நான்தான் அவளை அந்த அறைக்குள் அனுப்பினேன்.

தீயணைப்பு அதிகாரி ஓடிவந்து கேட்டார். "உள்ள எத்தன பேரு?"

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "நாலு."

நாலு பேரை எடுத்தார்கள். நாலும் பிணம். தேடுவதை நிறுத்தினார்கள். பொன்மணி வழக்கம்போலப் பின்வாசலில் ஓடியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் இருட்டியதும் ஜேசிபி வந்து இடத்தைச் சமமாக்கிவிட்டது.

மறுநாள் காலை அவளுடைய அம்மா இருளம்மாள் வந்தார். அழவில்லை.

"எம்மக உள்ள போனாள்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். வேற ஒன்னும் வேண்டாம்."

"நோட்டுல பேரு இல்லையேம்மா. அவ அன்னைக்கு வேலைக்கே வரல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அடுத்த மாதமே டவுன் அச்சகத்தில் ஃபேன் காற்றில் எனக்கு நாற்காலி கிடைத்தது. வாயை மூடியதற்கு மரியாதை. ஊரில், பொன்மணி எவனோடோ ஓடிவிட்டாள் என்று பேசினார்கள். நான் மறுக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் இருளம்மாள் அச்சகத்து வாசலில் வந்து நின்று அதே வார்த்தையைக் கேட்டார். நான் வாட்ச்மேனை விட்டு விரட்டச் சொன்னேன்.

இதுதான் நான். இனி ஃபேக்ஸுக்கு வருகிறேன்.

மார்ச் 10, புதன். பகல் 12.05. இந்த முறை ஜாபர் சாதிக்கையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டேன். தாளை இருவரும் பார்த்தோம். நாலு பெயர். டைப் அடித்தது. மெஷின் தாளை இழுத்தது... க்ர்ர்ர்... பீப்.

அனுப்பியதற்கான ரசீதுத் தாள் வெளியே வந்தது. நாம் அனுப்பிய பக்கத்தையே சின்னதாக அச்சடித்துக் காட்டும் தாள் அது. ஜாபர் அதை எடுத்தார். முகம் மாறியது.

"அண்ணே... இதென்ன?"

நாலு பெயர்களுக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி. கையால் எழுதியது. தமிழில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுவது போல உருட்டி உருட்டி.

பொன்மணி.

நாங்கள் அனுப்பிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாலு பெயர்தான் இருந்தது. ஆனால் அதன் அடிப்பக்கத்தில் ஒரு விரல் ரேகை. வெள்ளி நிறத்தில். அலுமினியப் பொடி. மருந்து அறையில் வேலை பார்க்கும் பெண்களின் கை சாயங்காலம் அப்படித்தான் மினுங்கும். ஜாபரின் கடையில் அலுமினியப் பொடிக்கு என்ன வேலை?

"யாருண்ணே இது?" என்றார் ஜாபர்.

"எனக்கென்ன தெரியும்? ஒங்க மெஷின் கோளாறு" என்று எரிந்து விழுந்தேன்.

குற்றமுள்ள நெஞ்சு. வேறென்ன சொல்லும்?

மார்ச் 11, வியாழன். பகல் 12.20. அங்கே காலை 7.50. விடுதிக்கே போன் போட்டேன். வரவேற்பில் ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். மரியாதையான குரல்.

"நாங்கள் நாலு பேர்தான்" என்றேன்.

"அப்படியா? ஆனால் அந்தப் பெண் தினமும் போன் செய்கிறாளே."

"எந்தப் பெண்?"

"தெரியவில்லை. அவள் பேசும் மொழி எனக்குப் புரியவில்லை. ஒரே சொல்லைத்தான் சொல்கிறாள்."

"என்ன சொல்?"

அவள் தயங்கித் தயங்கி, மழலை போல உச்சரித்தாள்.

"அ...ஞ்சு. அஞ்சு... அஞ்சு... உங்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம்?"



"தெரியாது" என்று சொல்லி போனை வைத்தேன்.

கடை முழுக்க மருந்து வாடை அடித்தது. ஜாபரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மார்ச் 12, வெள்ளி.

கடைசி நாள். மறுநாள் சாயங்காலம் சென்னைக்கு ரயில். கடிதம் வரவில்லை. காலையிலிருந்து முதலாளி மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

பகல் 12.30-க்கு ஜாபர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். "ஷட்டரப் பாதி எறக்கிட்டுப் போறேன்ணே. கடையப் பாத்துக்கங்க."

நான் மட்டும் உள்ளே. கம்ப்யூட்டர்களெல்லாம் அணைந்திருந்தன. ஷட்டருக்குக் கீழே ஒரு முழ உயரத்துக்கு வெயில் தெரிந்தது.

12.50.

அந்த வெயிலில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

செருப்பில்லை. கணுக்கால் வரை வெள்ளி நிறம்.

"யாரு?"

பாதங்கள் அசையவில்லை. அந்தத் தார் ரோட்டில், அந்த வெயிலில், வெறுங்காலோடு ஒரு நொடி நிற்க முடியாது...

12.52. போன் அடித்தது.

எடுத்தேன். விடுதிப் பெண். அதே மரியாதையான குரல்.

"ஐயா, ஒன்றே ஒன்று. ஆட்களை நான் எதற்கு எண்ணுகிறேன் தெரியுமா?"

ஷட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"விடுதியில் தீப்பிடித்தால் தீயணைப்பு வீரர்கள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அறையில் எத்தனை பேர் என்று. நான் சொல்லும் எண்ணிக்கை வரைதான் தேடுவார்கள்."

பாதங்கள் அங்கேயே நின்றன.

"நான் எத்தனை என்று சொல்லட்டும், ஐயா?"

ஷட்டர் அசைந்தது.

கட... கட... கட...

வெளியிலிருந்து யாரோ தூக்குகிறார்கள். அடியில் நாலு விரல்கள். வெள்ளி விரல்கள்.

"எத்தனை, ஐயா?"

கட... கட...

"எத்தனை?"

மூன்றாவது தடவை கேட்டது இங்கிலீஷில் இல்லை. விடுதிப் பெண்ணின் குரலும் இல்லை.

"எத்தன பேரு சார்?"

"அஞ்சு!" என்று கத்தினேன். "அஞ்சு! அஞ்சு பேரு!"

ஷட்டர் நின்றது.

போனில் ஒரு சத்தமும் இல்லை.

கீழே வெயில் மட்டும் இருந்தது.

12.57-க்கு ஃபேக்ஸ் மெஷின் தானாக ஓடியது. உறுதிக் கடிதம். நபர்கள்: 4. நாலு பெயர், ஒரு பிழையில்லை. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

1.40-க்கு ஜாபர் திரும்பி வந்தார். என்னைப் பார்த்த பதற்றத்தில், யாரையோ கூப்பிட வேண்டும் என்று போனை எடுத்தார். காதில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணே, லைன் காலையிலயே செத்துப் போச்சே. பத்து மணிக்கே கம்ப்ளெய்ன்ட் குடுத்தேன். ஒங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன். இந்தத் தாளு எப்படி வந்துச்சு?"

அவருக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. அவரும் அந்த மெஷினை அந்த வாரமே விற்றுவிட்டார்.

கடிதத்தை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். மற்ற மூவரும் பிறகு டூசல்டார்ஃப் போய் வந்தார்கள். நான் போகவில்லை. அச்சகத்துக்கும் திரும்பவில்லை.

ஏழாயிரம்பண்ணையில் இறங்கி இருளம்மாளின் வீட்டுக்கு நடந்தேன். மணி 4.10. வாசலில் உட்கார்ந்து தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை. உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் தரவில்லை. தந்திருந்தால்தான் ஆச்சரியம்.

"அன்னைக்கு உள்ள அஞ்சு பேரும்மா" என்றேன். "பொன்மணி உள்ள போனா. நான்தான் அனுப்பினேன். யார்கிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன்."

கை நிற்கவில்லை. குச்சி அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"இப்பத்தான் வாய் தொறந்துச்சாக்கும்."

"பின்வாசல்ல ஓடியிருப்பான்னு நெனச்சேம்மா..."

"ஓடத்தான் செஞ்சா. பக்கத்து ரூம்பு செவரு சரிஞ்சு மேல விழுந்துருச்சு."

எனக்குப் புரியவில்லை. "யாரு சொன்னது?"

"அடுத்த கம்பெனி வாட்ச்மேன் இருளாண்டி. வேலைய விட்ட பெறகு தை மாசம் வந்து சொல்லி அழுதாரு. செவருக்கு அடியில சத்தம் கேட்டுச்சாம். ஓடியாந்து கம்பெனி ஆளுககிட்டச் சொல்லிருக்காரு. நாலையும் எடுத்தாச்சு, உள்ள ஆளே இல்லைன்னு வெரட்டி விட்டுட்டாக."

"எம்புட்டு நேரம்...?"

"நாலரை வரைக்கும்."

வெடித்தது 11.50. மூன்று மணிக்கு அந்தச் சரிந்த சுவரிலிருந்து இருபதடி தூரத்தில் நின்று நான் டீ குடித்தேன். தீயணைப்பு வண்டி போன பிறகு, சத்தமாகப் பேசிக்கொண்டு, கம்பெனி ஆட்களோடு.

இருளம்மாள் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"அம்மான்னு கூப்பிடலையாம் சார். நீங்க அங்கன நிக்கிறது அவளுக்குக் கேட்டுருக்கும்ல. ஊர்க்காவலன் சார், ஊர்க்காவலன் சார்னுதான் நாலரை வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாளாம்."