அம்மாவின் நிரை

இந்தத் தடவையும் எல்லாம் நார்மல் என்றுவிட்டார் டாக்டர். கைகள் மட்டும் எரிந்துகொண்டே இருக்கின்றன. கோலா சிலாங்கூர் சாலையோரம் கணவரின் காருக்காக நின்றபோது, ரப்பர் கட்டி ஏற்றிய லோரி ஒன்று நாற்றத்தோடு கடந்தது. உடனே நினைவில் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

அம்மாவுக்கும் இதே எரிச்சல்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் ஒன்றுமில்லை என்று வேலைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பா தன் ரப்பர் மரங்களைச் சீவி முடித்ததும், பால் நாறும் சட்டையோடு அம்மாவுக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குள் நுழைந்து மிச்ச மரங்களைச் சீவுவார்.

"டிரசரே ஒண்ணுமில்லங்கிறாரு. நீங்க என்னை நம்புறீங்களா?" என்பார் அம்மா.

"எரியறது ஒன் கை. அவர என்னத்துக்குக் கேக்கணும்?" என்பார் அப்பா.

கார் வந்தது. ரிசல்ட்டைச் சொன்னேன்.

"அது கெடக்கட்டும் லா. இப்ப எரியுதா?" என்றார் கணவர்.

"எரியுது," என்றேன். சொல்லவே சுகமாக இருந்தது.