பலகையில் காது வைத்தவள்

என்னுடைய சவுண்ட் பெட்டிகள் என் மகளின் காதைத் தின்றுவிட்டன என்று ஒரு கிழமை முழுக்க நம்பினேன். தின்று ஏப்பமும் விட்டுவிட்டன என்று.

காரணம் இல்லாமலில்லை. பெரியகல்லாற்றில் கல்யாண வீட்டுக்கும் கோயில் சடங்குக்கும் ஒலிபெருக்கி கட்டுவது என் தொழில். எட்டு ஆளுயரப் பெட்டிகள் வீட்டு முன்னறையில் குடியிருக்கின்றன. மிச்சமுள்ள இடத்தில் நாங்கள் இருக்கிறோம். வைகாசிச் சடங்கின்போது நாலரை வயது மகள் ஒரு பெட்டியில் சாய்ந்துகொண்டு கச்சான் கடலை தின்றாள். அது அப்போது எனக்கு வடிவாகத் தெரிந்தது. படம்கூட எடுத்தேன்.

அவளுடைய முன்பள்ளி ஒரு பழைய மண்டபத்தில் நடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அங்குள்ள பலகை மேடையில் பிள்ளைகளை ஏற்றி ஆடவிடுவார்கள். ரீச்சர் பிஸ்கட் டின்னில் மெதுவாகத் தட்டினால் பிள்ளைகள் யானை. வேகமாகத் தட்டினால் தவளை. நிறுத்தினால் எல்லோரும் சிலை. ஒரு வெள்ளி, கூட்டிவர நேரத்தோடே போய் யன்னலால் எட்டிப் பார்த்தேன். தட்டத் தொடங்கியதும் மற்றப் பிள்ளைகள் யானையானார்கள். என் மகள் குப்புறப் படுத்தாள். கன்னத்தைப் பலகையில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். டின் நின்றது, எல்லோரும் சிலையானார்கள். இவள் எழும்பி உட்கார்ந்து, யாரையோ தேடுகிறவள் போலச் சுற்றிவரப் பார்த்தாள்.

வேறொரு தகப்பனென்றால் ரீச்சரிடம் கேட்டிருப்பான். நான் ஃபோனிடம் கேட்டேன். காது கேளாதவர்கள் தரையின் அதிர்வை உடம்பால் உணர்வார்கள் என்று அது சொன்னது. அதற்குமேல் வாசிக்க எனக்குக் கண் தெரியவில்லை.

அன்று பின்னேரமே பரிசோதனையைத் தொடங்கினேன். அவள் படம் கீறிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று பானை மூடியைக் கீழே போட்டேன். பூனை ஓடியது. மகள் திரும்பவில்லை. அடுத்த நாள் தாச்சிச் சட்டியைப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். மகள் திரும்பவில்லை.

“இஞ்ச, உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு? ஏன் என்ட சட்டி பானையெல்லாம் நசுக்குறீங்க?” என்றாள் மனைவி.

“புள்ள, இவளுக்குக் காது கேக்குதில்ல.”

“நீங்க ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சாமான் போடுற ஆள். ஆரு கிறுகிப் பாக்கிற?”

ஆனால் மேடையில் படுத்த கதையைச் சொன்னதும் அவளும் பயந்துவிட்டாள். திங்கட்கிழமை போய், காது பார்க்கிற கிளினிக்கில் அதற்கடுத்த கிழமைச் செவ்வாய்க்கு நம்பர் எடுத்து வந்தாள். நான் எட்டுப் பெட்டிகளையும் அவளுடைய பழைய சேலைகளால் போர்த்திவிட்டேன். அவற்றின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பெட்டி பேச வந்தவர் வாசலிலேயே செருப்போடு நின்று, “வீட்டில ஏதும் துக்கமா?” என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளி முன்பள்ளிக்குப் போய், ரீச்சரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். ரீச்சருக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. என் முகத்தைப் பார்த்தார், மேடையில் இருந்த மகளைப் பார்த்தார்.

“அவவிட்டக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. பானை, தாச்சி, ஃபோன், பக்கத்து வீட்டுக்காரர் வரை போனவன் அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

ரீச்சர் மேடையோரம் குந்தினார். “மனே, நான் தட்டக்குள்ள நீங்க ஏன் படுக்கிறீங்க?”

மகள் சாதாரணமாகச் சொன்னாள்: “பலகைக்குள்ள கேக்குது ரீச்சர். அப்பாதான் சொன்ன, மரத்தில காதை வெச்சாத்தான் கேக்கும் எண்டு.”

எப்போது சொன்னேன்? பிறகுதான் உறைத்தது. சடங்கு முடிந்த கிழமை, ஒரு பின்னேரம் சிநேகிதனின் தோணியில் அவளை வாவிக்குள் கூட்டிப் போயிருந்தேன். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள்; அதைக் கேட்க எல்லோரும் செய்கிற மாதிரித் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியில் அவள் காதை வைக்கச் சொன்னேன். மீன் பாடுவது மேலால் கேட்காது, கண்ணை மூடு, மரத்தில் காதை வை என்று பெரிய வித்துவான் மாதிரிப் பாடம் எடுத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதாகத் தலையை ஆட்டினேன். அவள் நம்பிவிட்டாள்.

“என்ன கேக்குது?” என்று ரீச்சர் கேட்டார். “படுங்க,” என்றாள் மகள். ரீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தார். அதைப் பார்த்த மற்றப் பிள்ளைகளும் தொப்புத் தொப்பென்று படுத்தார்கள். இப்போது ஆடுவதற்கு மேடையில் ஆளில்லை.

படுத்தபடியே ரீச்சர் சொன்னார்: “அப்பா, ஏறி ஆனையா நடங்க.”

நடந்தேன். ஐம்பதை எட்டுகிற வயதில், கையைத் தும்பிக்கையாக்கி. எனக்குக் கீழே பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், “அப்பாட ஒரு கால் மத்தக் காலை விடப் பாரம்,” என்றாள்.

சரிதான். பெட்டி விழுந்த இடது காலை நான் அழுத்தி ஊன்றுவதில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்று நினைத்திருந்தேன்.

பிறகு என்னாலும் பொறுக்க முடியவில்லை, நானும் படுத்தேன். ரீச்சர் பிள்ளைகளைத் தவளையாகத் துள்ளவிட்டார். பலகைக்குள் ஒரு பெருமழை ஓடியது. அந்தச் சத்தம் என்னுடைய எந்தப் பெட்டியிலும் வந்ததில்லை. “இது ஆரு?” என்று ரீச்சர் கேட்கக் கேட்க, மகள் கண் திறக்காமலே ஒவ்வொரு காலுக்கும் பெயர் சொன்னாள். நான் ஒன்றையும் பிடிக்கவில்லை. “வடிவாக் கேளுங்க அப்பா,” என்று ஏச்சு வாங்கினேன்.

நம்பர் எடுத்ததால் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கும் போனோம். மகளின் காதில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் தூக்கினாள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று எழுதித் தந்தார்கள்.