என் மரத்துக்கு மட்டும் மொட்டை

எட்டு வயதுவரை எனக்கு யார்மீதும் பொறாமை வந்ததில்லை. வர அவசியமே இருக்கவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், கிளென் ஈடன் வீட்டில், அப்பா அம்மாவுக்கு நான் ஒரே பெண். அப்புறம் மலேசியாவில் கிள்ளானிலிருந்து அத்தையும் அத்தை மகனும் வந்து இறங்கினார்கள். மாமா வேலைகளை முடித்துக்கொண்டு பின்னால் வருவார் என்று சொன்னார்கள்.

அத்தை மகனுக்கும் என் வயதுதான். அப்பா தமிழில் கேட்டால் நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன். அவன் தமிழிலேயே சொல்வான். அப்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு வயிறு எரியும். கணக்கில் ஒரு தப்பு செய்தால் எனக்குத் திட்டு. அவன் தம்ளரை உடைத்தால், "பரவால்ல ஐயா, கையில குத்திருச்சா?"

அவர்கள் வந்த புதிதில் அப்பா வேலியோரம் இரண்டு ஆஷ் மரக் கன்றுகளை நட்டார். ஒன்று எனக்கு, இன்னொன்று அவனுக்கு. இதில் மட்டும் நான்தான் ஜெயித்தேன். இரண்டு வருஷத்தில் என் மரம் அப்பாவின் தலையைத் தாண்டிவிட்டது. அவனுடையது நோஞ்சான், என் தோளுக்குமேல் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் அவனை அடிக்கடி கூட்டிப்போய் இதைக் காட்டுவேன்.

ஒரு ஜூலை மாதக் குளிரில், இலையெல்லாம் உதிர்ந்திருந்தபோது, அப்பா ரம்பத்தைக் கொண்டுவந்து என் மரத்தைக் கணுக்கால் உயரத்தில் அறுத்துச் சாய்த்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

"அழாத லா. பிள்ளைக்கு மொட்டை போட்டா முடி அடர்த்தியா வருதில்ல? அது மாதிரிதான். அடியிலருந்து நெறையா கெளைக்கும். நமக்குப் பாகற்கொடிக்குக் கொம்பும் ஆச்சு."

"நாட் ஃபேர்! கட் ஹிஸ் டூ!"

அப்பா அவன் மரத்தை ஒரு பார்வை பார்த்தார். "அது தாங்காதும்மா" என்று சொல்லிவிட்டு ரம்பத்தைத் துடைத்து உள்ளே வைத்தார்.

பார்த்தீர்களா, அவன் மரத்துக்குக்கூடச் செல்லம்!

வசந்தம் வந்தது. தெருவெல்லாம் துளிர்த்தது, அவன் நோஞ்சானும் துளிர்த்தது. என்னுடையது வெறும் கட்டை. அத்தை மகன் தன் மரத்துக்கு ஊற்றிய மிச்சத் தண்ணீரை என் கட்டைக்கும் ஊற்றுவான். கேலி செய்கிறான் என்று வாளியைப் பிடுங்கி எறிந்தேன். "யூ கில்ட் இட்" என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுதேன்.

நவம்பரில் அந்தக் கட்டையின் பட்டையைக் கிழித்துக்கொண்டு குருத்துகள் கிளம்பின பாருங்கள்! வளைவு நெளிவு இல்லாமல், ஒன்றையொன்று முந்திக்கொண்டு, கோடை முடிவதற்குள் என் உயரத்தைத் தொட்டுவிட்டன. நான் சும்மா இருப்பேனா? அவனை இழுத்துவந்து காட்டினேன். கொல்லையில் அத்தை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், அப்பா புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு நேரே அப்பாவிடம் ஓடினான்.

"மாமா, என் மரத்துக்கும் மொட்டை போடுங்க மாமா. தாங்கும் மாமா. நான் பார்த்துக்கறேன்."

அப்பா புல்வெட்டியை நிறுத்தினார். பத்து வயதுப் பையனைக் கைக்குழந்தையைப்போலத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அத்தை பாதித் துணியைக் கூடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கிள்ளானிலிருந்து மாமா வரவே மாட்டார் என்பதும், அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்பதும் பெரியவர்கள் எல்லோருக்கும் அப்போதே தெரிந்திருந்தது. எங்கள் இருவரில் யாரைத் திட்டலாம், யாரைத் திட்டக்கூடாது என்பதையும் அப்பா மரத்தைப் பார்த்ததுபோலத்தான் பார்த்து வைத்திருந்தார். எனக்கு இது எதுவும் தெரியாது. அப்பா என்னைத் தூக்கி எத்தனை நாளாயிற்று என்பது மட்டும்தான் தெரிந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்னையும் தூக்குங்கப்பா, என்னையும் தூக்குங்க" என்று கத்தினேன். சுத்தமான தமிழில்தான் கத்தினேன். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை.