காத்து நிற்கிற எதிரி

எனக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அது எப்படிப் போனது என்ற கதையை இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கேட்டுக் கேட்டே பலர் என் பொழுதைத் தின்றுவிட்டார்கள். நான் சொல்ல வந்தது ஒரு பழைய கேம் பற்றி.

முல்லைத்தீவில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். ஒரு கையோடு வாழ்வது பெரிய கஷ்டமில்லை. உதவி செய்ய வருகிறவர்களோடு வாழ்வதுதான் கஷ்டம். பஸ்ஸில் ஏறினால் யாரோ பையைப் பறித்து மடியில் வைத்துக்கொள்வார்கள். இறால் உரிக்க உட்கார்ந்தால் தங்கை சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். ஒருமுறை வங்கியில் ஒருவர் எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கவே பேனாவை எடுத்துவிட்டார். என் வலது கை அவருக்குத் தெரியவில்லை போலும். எல்லோரும் நல்லவர்கள். அதனால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் பெரியம்மாவின் மகள் அனுப்பிய பார்சலில், பழைய உடுப்புகளுக்கு நடுவே அந்தக் கேம் பெட்டி கிடந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. பற்றரி மூடி உடைந்து டேப் ஒட்டியிருந்தது. அதற்குள் ஒரேயொரு கதை: நான்கு பேர் ஊர் ஊராக நடந்து, கடைசியில் கோட்டையில் இருக்கும் கொடிய அரசனை வெல்ல வேண்டும்.

போனில் வரும் புதுக் கேம்களுக்கு இரண்டு பெருவிரலும் வேண்டும், அதுவும் மின்னல் வேகத்தில். இதில் அப்படியில்லை. எதிரி ஒரு அடி அடிப்பான், பிறகு அசையாமல் நிற்பான். நான் பெட்டியை மேசையில் வைத்து, இடப்பக்கப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோய் மருந்தையோ வாளையோ தெரிந்தெடுத்து, வலப்பக்கம் வந்து அழுத்தும்வரை நிற்பான். எழுந்து போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் நிற்பான். "விடுங்கோ, நான் செய்யிறன்" என்று என்னிடம் சொல்லாத ஒரே ஆள் அவன்தான். படம் பழசு, சத்தம் கீச்சென்று இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். யாருடைய கையும் படாமல் இந்தக் கதையை நானே முடிப்பது என்று பிடிவாதமாக இருந்தேன்.

அரசனிடம் ஒன்பது தரம் தோற்றேன். தோற்றால் குகைக்குத் திரும்பிப் போய், வௌவால்களை அடித்து அடித்து, நான்கு பேரையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்த வேண்டும். இரண்டு கிழமை, பதினாலு நாள், வௌவால் அடித்தேன்.

"ஏனக்கா அதே வௌவாலைப் போட்டு அடிக்கிறாய்?" என்று தங்கை கேட்டாள்.

"நீ ஒவ்வொரு நாளும் அதே சோறுதானே காய்ச்சுறாய்?" என்றேன்.

போன சனிக்கிழமை பின்னேரம், கோட்டை வாசலில் விளையாட்டைச் சேமித்துவிட்டு அரசன் முன்னால் போய் நின்றேன். அவன் பாதிக்குமேல் தளர்ந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால், தங்கையின் புருஷன் வயலிலிருந்து வந்த சேற்றுக்காலோடு என் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். பெட்டி அவர் கையில்.

"அக்கா, முடிச்சிட்டன்! எத்தினை நாளாக் கஷ்டப்பட்டனீங்கள்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

அரசன் இல்லை. திரையில் எழுத்துகள் மேலே ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

"ஆரைக் கேட்டு முடிச்சனீங்கள்?"

"உதவிதானே அக்கா..."

"உதவி நான் கேட்டனானோ? கஷ்டப்படுறது என்ர விருப்பம். அதையும் பறிக்காதேங்கோ!"

தங்கை குசினியிலிருந்து சமையல் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவரோடு நான் அப்படிச் சத்தம்போட்டுக் கதைத்ததேயில்லை. அவர் பெட்டியை மெல்ல மேசையில் வைத்தார். நான் அதை நிறுத்தினேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டேன்.

நான்கு பேரும் கோட்டை வாசலில் நின்றார்கள். நான் சேமித்த அதே இடம். அதற்குப் பிறகு நடந்த எதையும் அந்தப் பெட்டி எழுதிவைக்கவில்லை. அவருடைய வெற்றி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே போனேன். அரசன் முழுப் பலத்தோடு நின்றான். ஒரு எதிரியைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பார்த்துக்கொண்டிருந்தவர் பொறுக்க முடியாமல் விரலை நீட்டினார். "அக்கா, முதல்ல மருந்தை..."

"கையை எடுங்கோ."

எடுத்தார். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு அரைமணி நேரம் இருந்தார், பாவம்.

பத்தாவது தரமும் தோற்றேன்.

"இனி என்னக்கா செய்யப்போறியள்?" கையை வெளியே எடுக்காமலே கேட்டார்.

"நாளைக்குத் திரும்ப வௌவால் அடிக்கப்போறன்" என்றேன். "உதவி செய்ய ஆசையெண்டால், இப்ப நானே கேக்கிறன். போய் ரெண்டு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாங்கோ."